தலைக்கு விழும் பங்கு

கல்முனையிலிருந்து சம்மாந்துறைக்குப் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இருந்த சாறன் கட்டிய மனிதர் பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னார்:

“நான் இப்ப ஏழை இல்லையாம், காக்கா. அரசாங்கம் மாசாமாசம் தாற நிவாரணத்த வெட்டிட்டாங்க.”

“என்னத்துக்கு?”

“மகளுக்குச் சீதனமாக் குடுத்த வீட்டிலதானே நாங்களும் இரிக்கம். கட்டார்ல உழைக்கிற மருமகன்ட சம்பளத்த எங்கட தலைக்கும் பிரிச்சுப் போட்டுட்டாங்க.”

“அவன் உனக்கு ஏதும் தாறானா?”

“கணக்கில மட்டும் தாறான்.”

“அப்ப வீட்டில ஆளக் கூட்டு. தலைக்கு விழுற பங்கு குறையும்.”

“ஓம், பொஞ்சாதிர தம்பிமாரக் குடும்பத்தோட வரச் சொல்லிட்டன்.”

“அவங்க என்ன தொழில்?”

“ஒண்ணும் இல்ல. அதாலதான் கூப்பிட்டன்.”

“அவ்வளவு பேருக்கும் சோறு?”

“அதுக்குத்தானே காக்கா நிவாரணம் கேக்கிற.”