சைக்கிளுக்கு நம்பர் எழுதிய ரகுபதியின் வாக்குமூலம்

பெயர்: ரகுபதி. வயது: 34. தந்தை பெயர்: வனமாமலை. விலாசம்: பிள்ளையார் கோயில் தெரு, வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர் வட்டம்.

நான் மேற்கண்ட விலாசத்தில் என் மனைவி ஐஸ்வர்யாவுடனும், அவள் தாயார் அம்சவல்லியுடனும் குடியிருந்து வருகிறேன். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறேன். ஐஸ்வர்யா எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் வேலை பார்த்து வந்தாள்.

சென்ற மாதம் ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போவதற்காக அவள் சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ் பிடிக்கச் சாலையைக் கடந்தபோது, ராங் சைடில் வேகமாக வந்த ஒரு சைக்கிள் அவள் மேல் மோதியதில், நடுச்சாலைத் தடுப்புக் கல்லில் பின்மண்டை பட்டு விழுந்தாள். ஓட்டி வந்தவன் எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். அதன் பிறகு அரசு மருத்துவமனையில் தலையில் ஆபரேஷன் செய்தார்கள். வலது கையும் காலும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. என்னைக் கண்டால் இடது கையால் கழுத்தைத் தடவித் தாலியைத் தேடுகிறாள். ஆபரேஷனுக்கு முன் அதைக் கழற்றி அம்சவல்லி அத்தையிடம் கொடுத்திருந்தார்கள்.

அதன் பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். ஏட்டையா மரியாதையாகத்தான் பேசினார். பைக் என்றால் நம்பரை வைத்துப் பிடித்துவிடலாம், சைக்கிளுக்கு எதை வைத்துத் தேடுவது என்று கேட்டார். பார்த்தவர்கள் சொன்னதெல்லாம் நீல சைக்கிள், பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுக்கும் சைக்கிள் என்பது மட்டுமே. அந்த சைக்கிள் எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒன்று நிற்கிறது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கிடங்குக்குள் ஆமை வேகத்தில் ஓட்டும் வண்டிக்கு என்னிடம் லைசென்ஸ் கேட்கிறார்கள், வண்டிக்கு நம்பர் போடுகிறார்கள். பெண்டாட்டி தலையை உடைத்துவிட்டுப் போகும் வண்டிக்கு ஒன்றும் கிடையாதாம். சைக்கிளுக்கு நம்பரும் லைசென்ஸும் கட்டாயமாக்க வேண்டும் என்று கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு நானே எழுதுவது என்று முடிவு செய்து, சிவப்பு பெயின்ட் டின்னும் பிரஷும் வாங்கிக்கொண்டு, வல்லம் வடகாலில் தொழிலாளர் விடுதி கேட் எதிரில் காலையில் நின்று, வருகிற சைக்கிளை எல்லாம் மறித்துப் பின் மட்கார்டில் நம்பர் எழுதினேன். என் வீட்டுக் கதை தெரிந்தவர்கள் பாவம் பார்த்து நிறுத்தினார்கள். நிறுத்தாதவர்களைப் பிடித்துத் தள்ளினேன். அப்போது டில்லிபாபு என்ற லோடுமேன் பிரஷைப் பிடுங்கிக்கொண்டு, "பெட்ரோல் போட வக்கில்லாமத்தான் மிதிச்சிகினு போறேன். இதுக்கும் லைசென்ஸ் எடுன்னா நான் இன்னா நடந்தா போவேன்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது பெயின்ட் டின்னால் அவர் வாயில் அடித்தேன். பல் விழுந்தது. சிவப்பில் பெயின்ட் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை.

டில்லிபாபு புகார் கொடுக்கவில்லை. அதனால் எனக்குத் துளிர்விட்டுப் போனது. மறுநாளும் அங்கேயே நின்றேன். அப்போது ஒரு பையன் நீல சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேராக என்னிடம் வந்து, ஸ்டாண்டு போட்டு நிறுத்தினான். இருபத்திரண்டு வயது இருக்கும். எழுதிக்கொள்ளத்தான் வருகிறான் என்று பிரஷை நனைத்தேன்.

அவன், "அண்ணா, எம் பேரு யாக்கோபு. சுங்குவார்சத்திரத்துல வூடு, கம்பெனி கேன்டீன்ல காய் வெட்டறேன். அக்காவ இடிச்சது நான்தான். பிரேக் புடிக்கல, பயந்துகினு ஓடிட்டேன். எனக்கோசரம் இன்னொருத்தர அடிச்சிட்டீங்க. என்ன ஸ்டேஷனுக்கு இட்டுகினு போங்க" என்றான்.

நான் பிரஷைக் கீழே போட்டுவிட்டு அவன் முகத்தில் குத்தினேன். அவன் விழுந்தான். விழுந்தவன் வயிற்றில் மிதித்தேன். அதன் பிறகு அவன் சைக்கிளையே தூக்கி அவன் மேல் அடித்தேன், மறுபடி தூக்கி அடித்தேன். பெடல் கன்னத்தில் ஏறியது. அவன் தடுப்பதற்குக் கை நீட்டினானே தவிர என்னைத் திருப்பி அடிக்கவில்லை. கையும் உடைந்தது, உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டும் நிறுத்தவில்லை. விடுதி வாட்ச்மேன் திருமலை பின்னால் வந்து கட்டிப் பிடித்து இழுத்த பிறகுதான் விட்டேன். ஆம்புலன்ஸ் வரும் வரை அவன் முனகிக்கொண்டிருந்தான்.

அவன் யாரென்று தெரியாமல் அடித்தாயா என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்கிறார். இல்லை. பேர், வீடு, வேலை, செய்த குற்றம் எல்லாவற்றையும் அவன் சொல்லி முடித்த பிறகுதான் அடித்தேன். அவன் சைக்கிளில் நம்பர் இருந்திருந்தாலும் அடித்திருப்பேன். நேற்று அவனுக்கு ஒரு கண் எடுத்துவிட்டார்கள் என்று இங்கே வந்த பிறகு சொன்னார்கள். எனக்கு அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை.

அவனை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு நான் சட்டையைக் கழுவிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய் ஐஸ்வர்யா பக்கத்தில் உட்கார்ந்தேன். போலீஸார் அங்கே வந்துதான் என்னைப் பிடித்தார்கள். அதற்கு முன் அம்சவல்லி அத்தை, "ஆளு கெடச்சானா?" என்று கேட்டார். ஐஸ்வர்யாவும் என் முகத்தையே பார்த்தாள். கிடைத்தான் என்றால் எப்படிக் கிடைத்தான் என்று சொல்ல வேண்டும். தானாக வந்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிடைக்கவில்லை என்று சொன்னேன்.

அவர்களிடம் சொன்னது பொய். இங்கே சொன்னது உண்மை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டி நான் இதைச் சொல்லவில்லை.

(ஒப்பம்) வ. ரகுபதி