எக்ஸ்ரே ரூம் வரைக்கும்

...காசு இல்லாம எவளாச்சும் வீல்சேர் தள்ளுவாளான்னு கேக்குறாண்ணே! மூஞ்சிக்கு நேரா! பக்கத்து வீட்டு பிரமிளாதான். அண்ணே, காலத் தூக்கி பலகை மேல வையுங்க, சக்கரத்துல மாட்டிக்கும். ஆங்... பேசாதீங்க, பேசாதீங்க. எக்ஸ்ரேக்குப் போறவங்க மூச்ச அடக்கிப் பழகணும்லா. நான் பேசறேன், நீங்க கேளுங்க.

பாயான் லெப்பாஸ் பேக்டரியில நான் லைன் லீடர்ணே. ஜெகதீஸ்வரின்னா எல்லாருக்கும் தெரியும். "அக்கா இது எப்படி, அக்கா அது எங்க"ன்னு காலையிலருந்து ஒரே சத்தம். எப்படா ரிட்டையர் ஆவோம்னு கெடந்தேன். ஆனேன். மொத வாரம் நல்லா தூங்குனேன். அப்புறம்... ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு என்கிட்ட எதுவும் கேக்கலண்ணே! மக மெல்பர்ன்ல. அவரு போயிச் சேந்துட்டாரு. டிவி பேசுது, ஆனா நாம சொல்றத அது கேக்குதா?

சிரிக்காதீங்க. பிளாட் லிப்ட்டுக்குள்ள போய் நின்னுக்குவேன். வர்றவங்கள எந்த மாடின்னு கேட்டு பட்டன் அமுக்கிவிடுவேன். ஒரு சீனப் பொண்ணு கேட்டுச்சு, "ஆண்ட்டி, இங்கதான் வேலையா?"ன்னு. அன்னிக்கே இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து வாலண்டியரா பேரு குடுத்துட்டேன். புண்ணியம்ங்கறாங்க, சேவைங்கறாங்க... எனக்கென்னண்ணே தெரியும்? "ஆண்ட்டி, இங்க வாங்க"ன்னு கூப்புட ஒரு இடம் வேணும், அவ்ளோதான்.

அதுக்கும் சூசா, ஒரே தொல்லை! இந்த ஹஸ்ருல் இருக்கானே, வாலண்டியருங்களுக்கெல்லாம் பெரியாளு, எம்மக வயசு... "ஆண்ட்டி, ரொம்பப் பேசுறீங்க. இன்னொரு புகார் வந்துச்சுன்னா, துணி மடிக்கிற ரூமுக்குப் போட்டுருவேன்"ங்கறான். அங்க யாருண்ணே இருக்கா? போர்வையும் தலகாணி உறையும்! எல்லாம் என்னத்துக்கு? பல்லு வலின்னு வந்த ஒரு அம்மாவ பிரசவ வார்டுல கொண்டு விட்டுட்டேனாம். பேச்சு சுவாரசியத்துல வழி மாறிப்போச்சு... அந்தம்மாவுக்கே அறுவது வயசிருக்கும். கொழந்தைங்கள பாத்துட்டு சந்தோசமாத்தான் போச்சு!

கைய ஆட்டாதீங்கண்ணே, இந்தா வந்தாச்சு. அய்யய்யோ, எந்திரிக்காதீங்க, விழுந்துருவீங்க!... என்னண்ணே, நல்லா நடக்குறீங்க? யாருக்கு? சம்சாரத்துக்கா எக்ஸ்ரே? முட்டி வலியோட கீழ வாசல்ல உக்காந்திருக்காங்களா? அப்ப நீங்க எதுக்கு இதுல... வேற யாரும் எடுத்துட்டுப் போயிருவாங்கன்னு புடிச்சு வெச்சு உக்காந்திருந்தீங்களா! வாயத் தொறந்து சொல்லவேண்டியதுதானே?

...ஆமா. சொல்ல வந்தீங்க. நான்தான் விடல.

அண்ணே! ஹஸ்ருல் வர்றான்! உக்காருங்க, உக்காருங்க! கொஞ்சம் முனகுங்க... இன்னும் கொஞ்சம்... ஓகே பாஸ், எல்லாம் ஓகே! இவரா? ரொம்ப வலி, பாவம்!

...போயிட்டான். அப்பாடா. நல்லா முனகுறீங்கண்ணே, நெஜமாவே வலி மாதிரி இருந்துச்சு.

சரி, எந்திரிக்காதீங்க, அப்படியே வாங்க. அண்ணியப் போய்க் கூட்டியாரலாம். பாவம், அங்க தவிச்சிட்டிருப்பாங்க. இந்தத் தடவ வாயத் தொறக்கமாட்டேன். சத்தியமா.

......

ஆமா, நீங்க எந்தப் பக்கம்ணே? நிபோங் திபாலா? பைராம் தோட்டமா! அட, அங்கதானே என் நாத்தனா இருக்கா... அவ கதையக் கேட்டீங்கன்னா...