ஹவானாவில் ஆடியவர்

துபாயில் மெட்ரோ வருவதற்கு முந்தைய காலம். கராமாவில் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஐம்பதை ஒட்டிய கணவனும் மனைவியும் இருந்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. பஸ் க்ரீக் என்கிற கடற்கழி ஓரமாகப் போனபோது கரையில் விளக்குப் போட்ட படகிலிருந்து மேளச் சத்தம் வந்தது.

"நான் ஹவானாவுல ஆடியிருக்கேன், பாத்துக்க," என்றார் அவர்.

"யாரு, நீங்களா?"

"கல்யாணத்துக்கு முந்தி, கப்பல்ல இருந்தப்போ. கியூபால சரக்கு எறக்க நாளாச்சுன்னு எங்கள ஊர் சுத்த விட்டாவ. பகல்ல பழைய கோட்டை, மாதா கோயிலு, கலர் கலரா பழங்காலத்துக் காரு. பொழுது சாஞ்சா ஊரே கடலோரச் சுவர்ல வந்து உக்காந்துக்கிடும். ஒருத்தன் கிட்டார் வாசிப்பான், ஒருத்தன் மரப்பெட்டியத் தட்டுவான். ஒரு பொம்பள, எங்கம்மா வயசு இருக்கும், கையப் புடிச்சு இழுத்துட்டா. செருப்பு அந்து போற வரைக்கும் ஆடுனேன். அப்படி ஒரு சாயங்காலம் பெறகு எனக்கு வாய்க்கவேயில்ல."

"என் தம்பி கல்யாண ஊர்வலத்துல அத்தன பேரு இழுத்தும் கையக் கட்டிக்கிட்டு நின்னியளே!"

"அங்க பூராம் சொந்தக்காரவல்லா. ஹவானாவுல என்னயத் தெரிஞ்சவன் ஒருத்தனும் கெடையாது."

"எங்கிட்ட ஏன் சொல்லவேயில்ல?"

"நீ சிரிப்பேன்னுதான்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மேளச் சத்தம் வந்த பக்கம் பார்த்தார். பிறகு எழுந்து மணியை அழுத்தினார்.

"ஏய், நம்ம ஸ்டாப் இன்னும் வரலயே!"

"எறங்குங்க. இங்கயும் நம்மளத் தெரிஞ்சவுக ஒருத்தரும் கெடையாது."