வைன்ஸ்பெர்க் மலையிறக்கம்

— கழுத்த விடுய்யா டீட்மார், மூச்சு முட்டுது. தோளப் பிடி.

— பனியில நனைஞ்சு வழுக்குதடி ஹெட்விக்.

— வழுக்கினா உருண்டு போய் நேரா ராஜா கூடாரத்துலதான் நிப்ப. தலைய அங்கேயே எடுத்துப்பாங்க, வேலை மிச்சம்.

— நல்ல வார்த்தையே வராதா உன் வாயில?

— கோட்டை விழுந்தாச்சு, ஆம்பளைங்க அத்தன பேருக்கும் தலை போகும்னு தீர்ப்பு. பொம்பளைங்க மட்டும் முதுகுல சுமக்க முடிஞ்சத எடுத்துட்டுப் போங்கன்னாரு ராஜா. என் செப்புப் பானைய விட்டுட்டு உன்னத் தூக்கியிருக்கேன். இதுக்கு மேல நல்ல வார்த்தை வேற வேணுமாக்கும்.

— அந்தப் பானை என்னவிடக் கனம்டி.

— குதிரைத் தோல வேகவெச்சுத் தின்னவன் வேற எப்படி இருப்பான்? முற்றுகை நல்லாயிருக்கட்டும். பழைய தொந்தியோட ஏறியிருந்தா வாசல்லயே கவுத்திருப்பேன்.

— திராட்சைக் கூடை சுமந்த முதுகுன்னு பெருமை பேசுவியே?

— கூடை வாய் பேசாது.

— அடியே, முன்னால பாரு! ரொட்டிக்கார ஊட்டா புருஷனத் தலைகீழா தூக்கிட்டுப் போறா!

— அவளுக்கு அவன் மூஞ்சியப் பாக்கப் பிடிக்காது. சிரிக்காதய்யா, நீ குலுங்கினா ரெண்டு பேரும் காலி. வாய மூடு, சிப்பாய் வர்றான்.

— நில்லும்மா! என்ன இது, ஆளாளுக்கு ஆம்பளையத் தூக்கிட்டு வர்றீங்க? பட்டு, வெள்ளி ஒண்ணும் கிடையாதா வீட்டுல?

— இருந்தா இதை ஏன் தூக்குறேன்?

— புருஷனா?

— வாயே திறக்காம தொங்குறானே, தெரியலையா?

— இது ஏமாத்து வேலை.

— முதுகுல சுமந்தது சுமந்தவளுக்குச் சொந்தம்னு உங்க ராஜாதான் சொன்னாரு. பானைன்னாரா? போர்வைன்னாரா?

— அதத்தாம்மா எங்க தளபதியும் போய்க் கேட்டாரு. ராஜா விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, ராஜா சொன்ன சொல்லு மாறக்கூடாதுன்னுட்டாரு. போ, போ. ஆனா ஓடையத் தாண்டுறதுக்குள்ள அவன் கால் தரையில பட்டுச்சு, தலை எங்களுக்கு.

— கேட்டியாய்யா? ஒழுங்கா தொத்திக்க.

— போயிட்டானா?

— போயிட்டான்.

— அடிப்பாவி, ஊரே கேக்கப் புருஷன்னு பொய் சொல்லிட்டியே! மாதா கோயில் வாசல்ல நீ வந்து கட்டிக்கிறியான்னு கேட்டப்ப, பீப்பாய் செஞ்சு பொழைக்கிற எனக்குக் கல்யாணம் ஒரு கேடான்னு சொன்னவன் நான்.

— மறந்துருவேனா?

— பின்ன ஏன் தூக்கின?

— அவங்கவங்க ஆள அவங்கவங்க தூக்கினாங்க. கிணத்தடியில நீ மட்டும் கேக்க நாதியில்லாம நின்ன. பிடிச்சுக்க, தண்ணியில இறங்குறேன்.

— யம்மா, ஐஸு! சரி, ஓடை தாண்டியாச்சு. புண்ணியவதி, இறக்கி விடு. நான் என் வழியப் பாத்துப் போறேன்.

— இறக்குறேன். ஆனா உன் வழி எதுன்னு இனிமே நான்தான் சொல்லணும். ராஜா சொன்ன சொல்லு மாறக்கூடாதுய்யா.