இரண்டு சீட்டுகளும் ஓர் உடம்பும்

கதிரும் கத்தியும் கைகலக்காமல் காத்தவரே! கருப்பைவாய்ப் புற்றோடு கலங்கி வந்த பெண்களுக்கு முப்பத்தொரு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் மருத்துவம் பார்த்தவரே! எங்கள் கோத்தன்பர்க் கதிர்மருத்துவப் பிரிவின் தலைமை மருத்துவர் ராங்ன்ஹில்ட் தூர்செல் அவர்களே! நீங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில் வணங்குகிறோம்.

"அஞ்சு நிமிஷத்துக்கு மேல புகழ்ந்தீங்கன்னா, காபியக் குடிச்சிட்டு நான் பாட்டுக்கு டிராம் ஏறிடுவேன்" என்று நேற்றே எச்சரித்துவிட்டீர்கள். புகழ எங்களுக்கும் தெம்பில்லை. வெளியே நவம்பர் மழை, உள்ளே ஆள் பற்றாக்குறை, இன்று காலை மட்டும் ஏழு நோயாளிகள். அடைமொழிகளை இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

கதிர் வீசும் ரேடியத்தைக் கருப்பைக்குள் வைத்து, ஆறு வாரம் ஆறவிட்டு, பிறகு அறுவை செய்வதா? அறுவையே இல்லாமல் கதிர் மட்டும் போதுமா? இதைத் தீர்மானிக்கத்தான் வியாழக்கிழமைச் சீட்டைக் கொண்டுவந்தீர்கள். வியாழன்தோறும், மயக்க மருந்து கொடுத்துக் கிடத்திய நோயாளியைக் கதிர்மருத்துவரும் அறுவை மருத்துவரும் தனித்தனியே கையால் பரிசோதிக்க வேண்டும். நோய் எதுவரை பரவியிருக்கிறது என்று ஆளுக்கொரு சீட்டில் எழுத வேண்டும். சீட்டுகள் வேறுபட்டால் இருவரும் மறுபடி பரிசோதிக்க வேண்டும். "ரெண்டு வைத்தியம்னு நாம பெருமையா சொல்லிக்கறோம். ரெண்டு அடியும் விழறது ஒரே உடம்புலதான்" என்பீர்கள். சொல்லி நீங்கள் அலுக்கவில்லை. கேட்டு நாங்கள்தான் அலுத்தோம்.

இந்த மடல் சட்டம் போட்டு நடைக்கூடத்தில் மாட்டப்படும். அதனால் நம் நோயாளி இங்கேகெர்ட் மால்ம்ரோஸ் உடம்புக்கு நேர்ந்தது யாருடைய தவறு என்பதை இதில் எழுதியாக வேண்டும். பெயரைச் சொல்ல அவரே சம்மதித்தார்.

பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்த்த அவருக்கு 1971இல் வயது முப்பத்தெட்டு. வலப்பக்கம் பரவியிருக்கிறது, கதிர் மட்டும் போதும் என்றது உங்கள் சீட்டு. பரவவில்லை, ரேடியத்துக்குப் பின் அறுவை என்றது என் சீட்டு. இதை எழுதும் நான், ஸ்டஃபான் ப்ரோலின், அன்றைய அறுவை மருத்துவன்.

"மறுபடி பாத்துடலாமா, ஸ்டஃபான்?"

"இன்னும் மூணு பேர் காத்திருக்காங்க டாக்டர். எனக்கு சந்தேகமே இல்ல."

விடியற்காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தீர்கள். "சரிப்பா, உன் இஷ்டம்" என்று உங்கள் சீட்டைக் கிழித்துப் போட்டீர்கள்.

ரேடியம் வைத்து ஆறு வாரம் கழித்து வயிற்றைத் திறந்தேன். நீங்கள் எழுதிய இடத்திலேயே நோய் ஒட்டிக்கிடந்தது; முழுதாக எடுக்க முடியவில்லை. அறுவைப் புண்ணின் மேல் மறுபடி கதிர் கொடுக்க வேண்டியதாயிற்று. புற்று போனது, சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்தது. இரண்டு ஆண்டுகள் துணி வைத்துக்கொண்டு நடமாடினார், வேலையை விட்டார், மேலும் இரண்டு அறுவைகளைத் தாங்கினார். அவர் கட்டிலருகே உட்கார்ந்து, "தப்பு என்னோடதும்மா. நான் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது" என்று நீங்கள் சொன்னபோது, நான் வாசலில் வாய் திறக்காமல் நின்றேன்.

சீட்டு எழுதிய அன்று, என் முறை வந்தபோது நான் அவரைப் பரிசோதிக்கவே இல்லை. நேரமாகிறது என்று பயிற்சி மருத்துவரின் குறிப்பைப் பார்த்துச் சீட்டை எழுதினேன். நீங்கள் கேட்டது உங்களுக்கு மறுபரிசோதனை. எனக்கு அதுதான் முதல் பரிசோதனையாக இருந்திருக்கும். வெட்கத்தோடு எழுதுகிறேன்.

உங்களுக்குச் சொல்வதற்கு முன்னால் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. போன வாரம் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"எட்டு வருஷமா கோவத்தை எங்க கொண்டு வைக்கறதுன்னே தெரியல டாக்டர். அந்தம்மா தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டு என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதாங்க. அவங்க மேல எப்படிக் கோவப்பட முடியும்? இப்பதான் எனக்கு ஆள் கிடைச்சிருக்கு. லெட்டர்ல என் பேரப் போட்டே எழுதுங்க. எழுந்து போங்க."

போனேன்.

அம்மையீர், எட்டு ஆண்டுகள் நீங்கள் சுமந்தது என்னுடையது. அதை இங்கேயே இறக்கி வைத்துவிட்டு, நோய்நொடியின்றி நெடுநாள் வாழுங்கள். காலையில் நேரம் கழித்து எழுந்திருங்கள்.

இதை முழுதாகப் படித்த பின்பே கையெழுத்திட்ட,
கதிர்மருத்துவ, அறுவைப் பிரிவுப் பணியாளர்கள்
கோத்தன்பர்க், நவம்பர் 1979