எட்டுக்குப் பயந்து மாற்றிய இலக்கம்

இந்த மாலைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் மதிப்புக்குரிய ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை அவர்களே! ஸ்காபரோவிலிருந்தும், பிக்கரிங்கிலிருந்தும், நெடுஞ்சாலை நெரிசலையும் பொருட்படுத்தாது மிசிசாகாவிலிருந்தும் வந்து இம்மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே! விடியுமுன் விழித்து, வாசற்பனி வழித்து, பிள்ளையின் சறுக்குச் சப்பாத்துக் கயிற்றை இறுக்கி இறுக்கியே விரல் காய்த்துப்போன தாய்மாரே! கண்ணாடிச் சுவருக்கு இப்பால் நின்றுகொண்டு அப்பால் ஓடும் பிள்ளைக்காக மூச்சைப் பிடித்துவைத்திருக்கும் தந்தையரே! விழுவதற்கு அஞ்சாத எங்கள் வீரச் செல்வங்களே! எனக்கு நாவைத் தந்த முருகப்பெருமானை நினைந்து, உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

யோகமலர் என்பது என் பெயர். வீட்டையும் பிள்ளையையும் பார்ப்பது என் வேலை. மேடைத் தமிழை எவரும் எனக்குக் கற்பித்ததில்லை. அடுப்படியில் வானொலி கேட்டு, அகப்பைக்காம்பை ஒலிவாங்கியாகப் பிடித்து, நானே பேசிப் பழகியது. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் சிரிக்கமாட்டீர்கள்.

ஐஸ் ஹொக்கி விளையாடும் நம் பிள்ளைகளின் வளர்ச்சியை எப்படி எடைபோடுவது என்று பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். "நகரத்தின் முதல்நிலைப் பெண்கள் அணிக்குத் தெரிவான அட்சயாவின் தாயார்" என்று தலைவர் வாய்நிறைய அறிமுகம் செய்தார். இதோ, மேசையில் எனக்காகப் பொன்னாடையும் இருக்கிறது. அண்ணை, தயவுசெய்து அதை விரிக்கவேண்டாம். உங்கள் அறிமுகத்தில் ஒரு பிழை இருக்கிறது. அந்தப் பிழை உங்களுடையதன்று. என்னுடையது.

பின்வரிசையில் சலசலக்கிறது, எனக்குக் கேட்கிறது. பொறுங்கள். தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

போன மாதம் தேர்வு நடந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர், இடங்களோ பதினேழு. தேர்வாளர்கள் வெளியூரிலிருந்து வந்த மூவர். அவர்களுக்குப் பிள்ளையின் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, நிறமும் தெரியாது. தலைக்கவசத்துக் கம்பிக்குள் எல்லா முகமும் ஒரே முகம். அவர்கள் பார்ப்பது முதுகிலிருக்கும் இலக்கத்தை. எழுதுவது அந்த இலக்கத்துக்கு நேரே. எவ்வளவு நேர்மையான ஏற்பாடு! அந்த நேர்மைக்குள் கை வைத்தவள் நான்.

வாசல் மேசையில் அட்சயாவுக்குக் கொடுத்த சட்டையின் இலக்கம் இருபத்தாறு. இரண்டும் ஆறும் எத்தனை? ஆம், நீங்களே கூட்டிவிட்டீர்கள்! முன்வரிசை அன்ரிமார் முகம் சுளிப்பதும் தெரிகிறது. எட்டு! சனியின் எண்! கார் இலக்கத்தில் எட்டு வந்தால் மாற்றுகிறோம். வீட்டிலக்கத்தில் எட்டு வந்தால் வாங்க மறுக்கிறோம். பிள்ளையின் முதுகில் எட்டு ஏறினால் சும்மா இருப்போமா? நான் இருக்கவில்லை.

உடைமாற்றும் அறையில் அட்சயாவுக்குப் பக்கத்தில் கிறிஸ்ரினா இருந்தாள். மிசிசாகாவில், விமான நிலையத்தில் வேலைசெய்யும் கிளிபோட் தம்பியின் மகள். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும் பிள்ளை. அவளுக்குக் கிடைத்தது இருபத்துநான்கு. இரண்டும் நான்கும் ஆறு. ஆறுமுகனின் ஆறு! மாற்றலாமா பிள்ளை என்று கேட்டேன். "எனக்கு எதெண்டாலும் ஓகே அன்ரி," என்று சட்டையைக் கழற்றித் தந்துவிட்டு, என் மகளின் சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள். பெயரும் இலக்கமும் பதிந்திருக்கும் வாசல் மேசையில் சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. எட்டுக்குப் பயந்து மாற்றினேன் என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்ற வெட்கம். அவ்வளவுதான். ஒரு சின்ன வெட்கம்.

நான் எதையும் எழுதிவைப்பவள். மகளின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கொப்பியில் ஒரு பக்கம். கோல் எத்தனை என்று எழுதுவதில்லை. அதை ஊரே எண்ணும். கொடுத்த பந்தனைத்தும் தோழியின் தடிக்குச் சேர்ந்ததா, மூலைக்குள் நெருக்கும்போது பக் கையைவிட்டுப் போனதா, எந்தப் பக்கம் திரும்பத் தயங்குகிறாள் என்றெல்லாம் எழுதுவேன். பந்து என்று சொல்லிவிட்டேன். தடியால் தள்ளும் அந்தக் கறுப்பு றப்பர்த் தட்டை, பக் என்று திருத்திக்கொள்ளுங்கள் பிள்ளைகளே. அன்றைய தேர்விலும் எழுதினேன். அட்சயா இடப்பக்க மூலைக்குள் ஆறுமுறை போனாள். ஐந்துமுறை பக்கைப் பறிகொடுத்தாள்.

இரண்டு நாளில் முடிவு வந்தது. அட்சயா தெரிவு. கிறிஸ்ரினா இல்லை. வீடே துள்ளியது. நானும் துள்ளினேன். பிறகுதான் மதிப்பீட்டுத் தாளை ஆறுதலாக வாசித்தேன். "இடப்பக்க மூலையில் இவளிடமிருந்து எவராலும் பக்கைப் பறிக்க முடியவில்லை" என்று எழுதியிருந்தது.

என் கொப்பியில் ஐந்து. அவர்கள் தாளில் ஒன்றுமில்லை. யாரைப்பற்றி எழுதியிருக்கிறார்கள்? இருபத்தாறாம் இலக்கத்தைப்பற்றி. இருபத்தாறைப் போட்டிருந்தது யார்?

கொப்பியையும் தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன், சபையோரே.

கணவரிடம் காட்டினேன். அதோ, அந்தத் தூணுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தொலைபேசி பார்ப்பதுபோல் பாசாங்கு செய்கிறாரே, அவர்தான். "இஞ்சரும், நாங்கள் கேட்டு வாங்கேல்லை. தானா வந்தது. பேசாமல் இரும்," என்றார். நானும் இருந்தேன். ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல, எட்டு நாள்! எந்த எட்டுக்குப் பயந்தேனோ, அந்த எட்டை நானே என் தலையில் ஏற்றிவைத்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் கோயிலுக்குப் போனேன். பிள்ளை தெரிவானால் அருச்சனை செய்வதாக நேர்ந்திருந்தேன். தட்டை நீட்டினேன். ஐயர் பெயர் கேட்டார். என் வாயில் வந்த பெயர் என்ன தெரியுமா?

கிறிஸ்ரினா.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம்?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? ஆம், இப்போது சிரிக்கலாம். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். முருகனிடம் போய் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் இடத்துக்கு நன்றி சொல்வதா? எந்த முகத்தோடு சொல்வது? எந்த மொழியில் சொல்வது?

அட்சயா காருக்குள் இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள், சண்டை பிடிப்பாள், கெஞ்சுவாள் என்று மனத்தைக் கட்டிக்கொண்டு சொன்னேன். அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். தாளை வாசித்த அன்றைக்கே தனக்கும் தெரியும் என்றாள். நான் சொல்கிறேனா இல்லையா என்று இத்தனை நாளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்! நாம் பிள்ளைகளை மதிப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், தாய்மாரே. அவர்கள் நம்மை மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு சொன்னாள்: "நம்பரை மாத்தினது நீங்கள். போய்ச் சொல்லவேண்டியதும் நீங்கள்தான். நான் பக்கத்தில நிப்பன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குப் பெயர்ப்பட்டியல் பூட்டப்படும். பூட்டியபின் ஒரு வருடத்துக்குத் திறக்காது. மூன்று மணிக்கு அணியின் அலுவலகத்தில் நின்றோம். பொறுப்பான பெண்மணியிடம் என் ஓட்டை ஆங்கிலத்தில் எட்டைப்பற்றியும் சனியைப்பற்றியும் சொன்னேன். எந்த வெட்கத்துக்காகத் தேர்வன்று வாயை மூடினேனோ, அதே வெட்கத்தை அங்கே முழுதாய் அனுபவித்தேன். அவர் சிரிக்கவில்லை. தேர்வின் ஒளிப்பதிவைப் பார்க்கவேண்டும் என்று உள்ளே போனார். மூன்றரை. நான்கு. நான்கரை. மகள் பக்கத்தில்தான் நின்றாள். கதிரை இருந்தும் உட்காரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கதவு திறந்தது.

ஒளிப்பதிவில் இரண்டு பிள்ளைகளின் சறுக்குச் சப்பாத்து நிறமும் தெளிவாகத் தெரிந்ததாம். கிறிஸ்ரினா உள்ளே. அட்சயா வெளியே.

இது நடந்தது நேற்று முன்தினம். அதனால்தான் அண்ணை, உங்கள் அறிமுகம் பிழையாய்ப் போயிற்று.

கிளிபோட் தம்பிக்கு நானே தொலைபேசி எடுத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். இதைச் சபையில் சொல்ல அவரிடம் அனுமதி கேட்டுத்தான் வந்திருக்கிறேன். முடிவு வந்த அன்று அவர் மகளிடம், உனக்கு உது சரிவராது, விட்டிட்டுப் படிப்பைப் பார் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளை தடிகளைக் கொண்டுபோய்க் கராஜுக்குள் வைத்திருக்கிறாள். அவர் என்னைக் கேட்டார்: "பேப்பரை அவை திருத்திப்போட்டினம் அக்கா. பத்து நாளா நான் பிள்ளைக்குச் சொன்னதை ஆர் திருத்திறது?"

அந்தக் கேள்வியை அப்படியே இங்கே கொண்டுவந்திருக்கிறேன். உங்களில் எவரிடமாவது பதில் இருக்கிறதா?

ஒரு தாளை நம்பி ஒரு தகப்பன் தன் பிள்ளையைக் குறைத்துப் பேசினார். அதே தாளை நம்பி இன்னொரு வீட்டில் நாங்கள் துள்ளினோம். இரண்டு வீட்டிலும் பிள்ளையை எவரும் பார்க்கவில்லை! கண்ணெதிரே சறுக்கி வளர்கிறாள், விழுந்து வளர்கிறாள், வியர்த்து வளர்கிறாள். நாமோ தாளைப் பார்க்கிறோம், தரத்தைப் பார்க்கிறோம், தட்டிக்கொடுப்பதற்கும் தள்ளிவிடுவதற்கும் எவனோ எழுதிய இரண்டு வரியைப் பார்க்கிறோம். தேர்வாளர் பார்த்தது ஒரு காலைப்பொழுது. நீங்கள் பார்த்தது பதின்மூன்று வருடம். யாருடைய சொல் பிள்ளையின் நெஞ்சில் ஆழமாய் இறங்கும்? யாருடைய சொல்லுக்கு அதிக கவனம் வேண்டும்?

கொப்பி வைத்திருந்தேன் என்று பெருமை பேசினேனே, என் கதையையும் கேளுங்கள். அட்சயாவுக்கு உரிய உண்மையான மதிப்பீட்டுத் தாளை அந்தப் பெண்மணி எங்கள் கையில் தந்தார். எனக்குப் படிக்க மனமில்லை. மகள் வாங்கிப் படித்தாள். பறிகொடுத்த கணக்கெல்லாம் அதில் இருந்தது. அதற்குக் கீழே தேர்வாளர் ஒருவர் கையால் எழுதியிருந்தார்: "பக்கை இழந்த ஒவ்வொரு முறையும் இந்தப் பிள்ளை நிற்காமல் திரும்பித் துரத்துகிறாள். கடைசி நிமிடத்திலும் துரத்தினாள். இவளை அடுத்த வருடம் நான் மீண்டும் பார்க்க விரும்புகிறேன்."

சபையோரே, மூன்று வருடமாய் அவள் இழந்ததை ஒன்றுவிடாமல் எழுதியவள் நான். இழந்தபின் அவள் என்ன செய்தாள் என்று என் கொப்பியில் ஒரு வரி இல்லை. ஒரே ஒரு வரி இல்லை!

மகள் அந்தத் தாளை இரண்டாகக்கூட மடிக்கவில்லை. நெஞ்சோடு வைத்துக்கொண்டு காருக்கு நடந்தாள். கார்க் கதவடியில் நின்று சொன்னாள்: "மற்றப் பேப்பரில எவ்வளவு புகழ்ந்திருந்தாலும் அது நான் இல்லை அம்மா. இதுதான் நான்."

சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன். இத்தோடே முடித்துக்கொள்கிறேன். பேச அழைத்த தலைவருக்கும், பாதியில் எழுந்து போகாமல் என் பிழையைக் கேட்டிருந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. கிறிஸ்ரினாவுக்கு இந்தச் சபையின் வாழ்த்தெல்லாம் போய்ச் சேரட்டும். என் மகளை மேடைக்கு அழைக்கவேண்டாம். அவள் இங்கு வரவுமில்லை. பயிற்சியில் இருக்கிறாள். உங்கள் அனைவரின் பிள்ளைகளையும் எம்பெருமான் காக்கட்டும். வணக்கம்.