கோட்டுக்கு இந்தாண்ட

அன்னைக்கு நான் சொல்லாம விட்டது ரெண்டே வார்த்தை. "அவரைத் தூக்காதீங்க." இன்னைக்கு மைக் பிடிச்சுச் சொல்றேன்... என்ன பிரயோஜனம்? ஆனா ஏன் சொல்லலன்னு உங்களுக்குத் தெரியணும். சின்னக் கதைதான், கேட்டுட்டுப் போங்க.

நம்ம டோல்கேட்டைத் தாண்டி முந்நூறு அடியில, ரோட்டுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு இருக்குல்ல? இந்தாண்ட நம்ம மாநிலம், ஒரு கம்பெனி. அந்தாண்ட பக்கத்து மாநிலம், இன்னொரு கம்பெனி. ரெண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டு ரோட்டை வெட்டிக் கொடுத்திருக்கு. சுங்கம் வாங்கறப்ப அந்த வெட்டு தெரியுதா? தெரியாது! ஒரே கேட்டுல ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து வாங்கிடுவாங்க. மனுஷன் விழுந்தாத்தான் கோடு தெரியும்.

மாதப்பன் அண்ணன் விழுந்தது அந்தாண்ட. காலை பத்து மணி. மொபெட்ல கொத்தமல்லிக் கட்டு ஏத்திட்டுச் சந்தைக்குப் போனவரை ஒரு கார் தட்டிட்டு நிக்காமப் போயிடுச்சு. டோல்கேட் ஆம்புலன்ஸ்... நம்ம கண்ணெதிர்ல, வேப்பமர நிழல்ல நிக்குது. பஸ்ஸுக்கு நின்ன நான் ஓடினேன்.

"அண்ணே, வண்டியை எடுங்க!"

டிரைவர் எட்டிப் பார்த்தாரு. "கோட்டுக்கு அந்தாண்டயாம்மா?"

"ஆமா."

"அது எங்க லிமிட் இல்லம்மா. வண்டியில ஜிபிஎஸ் இருக்கு. டயர் தாண்டினா என் வேலை போயிடும். அவங்க வண்டி வரும்."

"எங்கேருந்து?"

"முப்பது கிலோமீட்டர் இருக்கும்..."

திரும்பி வர்றேன். இளநீர் விக்கிற பாப்பக்கா, கையில அரிவாளோட, சத்தம் போடறாங்க. "நாலு பேரு வாங்கய்யா! தூக்கி இந்தாண்ட போடுங்க. போட்டுப் பாரு, அந்த டிரைவர் புது மாப்பிள்ளை மாதிரி வண்டியில வருவான்!"

நம்ம ஊர்ல இது பழக்கம்தானே? எத்தனை பேரை இப்படித் தூக்கியிருக்கோம்!

மாதப்பன் அண்ணன் முனகினாரு. "ஏ பாப்பம்மா... என் காலு எங்க இருக்குன்னே தெரியலையே..."

"ரெண்டும் இருக்குய்யா. நான் பார்க்கறேன்ல?"

கால் இருக்கறதே தெரியலன்னா முதுகெலும்புல அடி. அசைக்கவே கூடாது. நான் படிச்சிருக்கேன். ஆனா ரத்தம் ஓடுது... வண்டி வராது... நான் வாயைத் திறக்கல. அவரோட தோளை நானும்தான் பிடிச்சேன்.

கோட்டைத் தாண்டிக் கீழ வெச்சோம். வந்துச்சு வண்டி. முந்நூறு அடிக்கு சைரன் போட்டுக்கிட்டு!

மறுநாள் கம்பெனி ஆபீசர் என்ன கேட்டாரு தெரியுமா? "அடிபட்டவரைத் தூக்கச் சொன்னது யாரு?"

யாரு சொன்னது? பாப்பக்காவா? நானா? இல்லீங்க... அந்தக் கோடு சொன்னுச்சு! கோட்டைப் போட்டவன் சொன்னான்! அரசாங்கத்தைக் கேட்டா, 'கம்பெனி ரோடு'ங்கறாங்க. கம்பெனியைக் கேட்டா, 'அரசாங்க ஒப்பந்தம்'ங்கறாங்க. ரெண்டு பேரும் கூட்டு. எதுல கூட்டு? வாங்கறதுல கூட்டு. விழுந்தவனைப் பார்க்கறதுல தனித்தனி!

தூக்கி இந்தாண்ட போடறதை நாம உதவின்னு நினைச்சுப் பழகிட்டோம். அவங்க செய்ய வேண்டியதை நம்ம தோள்ல சுமந்து, அவங்க கோட்டைக் காப்பாத்திக் கொடுத்திருக்கோம். இனிமே யாராவது அந்தாண்ட விழுந்தா, ஆளைத் தூக்காதீங்க. கேட்டுக்குப் போய்க் குறுக்கே உட்காருங்க. ஆம்புலன்ஸ் கோட்டைத் தாண்டற வரைக்கும் ஒரு வண்டிக்கும் அந்தத் தடுப்புக் கட்டை மேல எழும்பக் கூடாது!

மாதப்பன் அண்ணன் பிழைச்சுட்டாரு. இடுப்புக்குக் கீழ அசைவு இல்ல. போன வாரம் கம்பெனி ஆளுங்க வந்தாங்க. அந்தக் கோட்டுக்குப் புதுசா வெள்ளை அடிச்சிட்டுப் போனாங்க.